அப்ரோச் பொத்தான்

உங்கள் ஸ்டேஷனில் தலைக்கு மேலே சுற்றுகிற இந்த மின்விசிறிக்குக் கண்டென்சர் மாற்ற வேண்டும், ஐயா. மோட்டாரில் பழுதில்லை. சின்னப் பொருள்தான், மாற்றிவிட்டால் காற்று நன்றாக வரும். தொழில் பழக்கம். எங்கே போய் உட்கார்ந்தாலும் எனக்கு முதலில் இதுதான் கண்ணில் படுகிறது.

காக்களூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். பெயர் எபினேசர். வீடு திருவள்ளூர் மணவாள நகரில். அப்பா யேசுதாஸ் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற ஆலையில் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டு இறந்துபோனார். அம்மா ஹெலன் அதே காக்களூரில் வேறொரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். தங்கை ஏஞ்சலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் வீட்டுக்கு வந்து, மின்சாரம் தாக்கி இறந்ததாக எழுதிக்கொண்டு போனீர்கள். நீங்கள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முன்னறையில் இருந்த அந்த இயந்திரத்தைப் பார்த்து, கம்ப்யூட்டர் விளையாட்டா என்று அன்றைக்குக் கேட்டீர்கள். விளையாட்டு இல்லை, ஐயா. விமானத்தில் விமானி உட்காருகிற இடத்தை அப்படியே வீட்டில் கட்டியிருந்தேன். கம்பெனியில் கழித்துப்போட்ட இரும்புத் தகடு, பழைய கார் ஸீட், சென்னை பாடியில் செகண்ட் ஹாண்டாகக் கிடைத்த மூன்று மானிட்டர். பொத்தான்கள் ஒவ்வொன்றையும் நானே துளைபோட்டு, நானே ஒயர் இழுத்துப் பொருத்தினேன். அதில் உட்கார்ந்தால் எதிரே சென்னை விமான நிலையம் தெரியும். வெயில், மழை, மூட்டம் எது வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். அதைக் கட்டி முடிக்க எனக்கு வருடங்கள் ஆயின. வீட்டுக்கு வருகிறவர்கள் பக்கவாட்டில் நுழைந்துதான் சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது. அம்மா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

சின்ன வயதில் விமானப்படைக்கு எழுதிப்போட்டேன். உடல் தேர்வில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உயரம் போதவில்லையாம் என்று வீட்டில் சொன்னேன். அது உண்மையில்லை. எனக்குச் சில நிறங்கள் பிரிந்து தெரியாது. வெளிறின பச்சையும் வெள்ளையும் எனக்கு ஒன்றுதான். கம்பெனியில் ஒயருக்கெல்லாம் எண் போட்டிருப்பதால் பிழைப்பு ஓடியது. அம்மாவுக்குக்கூட இது தெரியாது. இப்போது நீங்கள் எழுதுவதால்தான் தெரியப்போகிறது.

அந்த இயந்திரத்தில் ஒரு கோளாறு என்னை நெடுநாள் படுத்தியது. மூட்டத்தில் ஓடுபாதை தெரியாதபோது, தரையிலிருந்து வரும் இரண்டு ரேடியோ அலைகளைப் பிடித்துக்கொண்டுதான் விமானம் இறங்கும். ஒன்று இடம் வலம் சொல்லும், இன்னொன்று எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று சொல்லும். அப்ரோச் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டால் ஆட்டோபைலட் இரண்டு அலைகளையும் பிடித்து, நூல் பிடித்த மாதிரி கீழே கொண்டுவரும். என்னுடையது இடம் வலத்தைப் பிடிக்கும், ஆனால் இறங்காது. ஓடுபாதைக்கு நேர் மேலே பறந்து கடலுக்குப் போய்விடும். அலைவரிசையைப் பார்த்தேன், பாதையின் கோணத்தைப் பார்த்தேன், வேகத்தைக் குறைத்தேன், மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். இன்டர்நெட்டில் ஊர் உலகத்தில் இருக்கிறவர்களையெல்லாம் கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

ஏஞ்சல் அப்போது கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீ மேல இருந்து வர்ற. அந்த அலை உனக்குக் கீழ போய்க்கினு கீது. அதுக்கு அடியில வந்து காத்துக்கினு இருந்தாத்தான் புடிக்கும்."

"புடிச்சிடுச்சே. எழுத்து கலர் மாறிடுச்சி பாரு."

"எங்க மாறுச்சி? அது இன்னும் வெள்ளையாத்தான் கீது. பச்சை ஆனாத்தான புடிச்ச மாதிரி?"

 அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். புத்திசாலிப் பெண். ஒரு நொடியில் எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. உயரம் இல்லை என்று நான் சொன்னதும் சேர்த்துத்தான்.

அவள் சிரிக்கவில்லை, ஐயா. யாரிடமும் சொல்லவும் இல்லை. அடுத்த முறை நான் ஓட்டும்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல, "வெள்ளை... வெள்ளை... ம், பச்சை ஆயிடுச்சி" என்றாள். விமானம் அழகாக இறங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்படித்தான். நான் கேட்காமலே சொல்வாள். தனக்குத் தெரிந்துவிட்டது எனக்குத் தெரியாது என்கிற மாதிரி சொல்வாள். இரக்கப்படுவது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. அது என் வீடு, என் இயந்திரம், என் ஸீட். அதில் உட்கார்ந்துகொண்டு நான் இரக்கத்தை வாங்கிக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

கொஞ்ச நாளில் அவளே ஓட்ட ஆரம்பித்தாள். என்னைவிட நன்றாக ஓட்டினாள். இதை ஒத்துக்கொள்வதில் எனக்குச் சங்கடம் இல்லை. குறுக்குக் காற்று வைத்தாலும் கை பதறாது. பயிற்சிச் செலவு முழுவதையும் ஒரு விமான கம்பெனியே ஏற்றுக்கொண்டு சில பிள்ளைகளை விமானி ஆக்குகிற திட்டம் ஒன்று இருப்பதை அவளும் அவள் தோழி இளமதியும் கண்டுபிடித்தார்கள். இளமதி திருநின்றவூர்ப் பெண், ஏஞ்சலோடு ஒரே வகுப்பு. இருவரும் எழுத்துத் தேர்வில் தேறினார்கள், நேர்காணலிலும் தேறினார்கள். மிச்சம் ஒன்றுதான். சிமுலேட்டரில் உட்கார வைத்து, மூட்டத்தில் விமானத்தை இறக்கச் சொல்வார்கள்.

அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "எம்மவ ஏரோப்ளேன் ஓட்டப் போறா" என்றாள். அந்த இயந்திரத்தைக் கட்டியது யார் என்று அம்மா சொல்லவில்லை. மறந்திருப்பாள். சந்தோஷத்தில் எல்லாருக்கும் மறப்பதுதான்.

நான் அப்போது யோசித்தது ஒன்றுதான், ஐயா. நிஜ விமானத்தில் தப்பு நடந்தால் திரும்பக் கிடைக்காது. வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிற இயந்திரத்தில் பழகிய பெண், நிஜத்தில் ஏதாவது கோளாறு வந்தால் என்ன செய்வாள்? அவளைப் பழக்க வேண்டியது அண்ணனுடைய கடமை. அப்படித்தான் நான் ஒரு ரிலேவை, கை படாமலே ஒயரைத் துண்டிக்கிற சின்ன சுவிட்சை, வைத்தேன்.

தீப்பெட்டியைவிடச் சின்னது. பொத்தான் தகட்டின் பின்பக்கம், ஒயர்க் கட்டுக்குள் வைத்துத் துணிநாடா சுற்றினேன். கார் சாவியில் இருக்கிற மாதிரி ஒரு ரிமோட் என் பேண்ட் பாக்கெட்டில் இருக்கும். அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் தகட்டில் அப்ரோச் பொத்தான் செத்துவிடும். அவள் எத்தனை முறை அமுக்கினாலும் கம்ப்யூட்டருக்குப் போகாது. இன்னொன்றை அமுக்கினால் ஆட்டோபைலட் தானே விட்டுவிடும், மூக்கு மெல்ல ஒரு பக்கம் சாயும். ரிலே மாறும்போது டிக் என்று சின்னச் சத்தம் வரும். அது கேட்காமல் இருக்கத் தகட்டுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி மாட்டினேன். கம்பெனி பேனல் ஒன்றிலிருந்து கழற்றியது. நேரடியாக வீட்டுக் கரண்டில் ஓடுவது. சூடு குறைக்க என்று சொன்னேன்.

முதல் நாள் அவள் ஓடுபாதைக்கு மேலே பறந்து கடலுக்குப் போனபோது திகைத்துப்போனாள்.

"அமுக்குனேன் ண்ணா. நல்லா அமுக்குனேன்."

"பதறாத பாப்பா. ஒண்ணொண்ணா பாப்போம்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து வரிசையாகக் கேட்டேன். அலைவரிசை சரியா? சரி. கோணம்? சரி. உயரம்? அடியிலிருந்துதான் வந்தாள். வேகம்? சரி. செயற்கைக்கோள் வழியில் விட்டுவிட்டாயா, ரேடியோவுக்கு மாற்றினாயா? மாற்றியிருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. நான் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "அப்போ அப்ரோச்ச அமுக்கல. பக்கத்துப் பட்டன அமுக்கிட்ட" என்றேன். பாக்கெட்டில் ரிமோட்டை அமுக்கிவிட்டு, என் விரலால் அப்ரோச்சை அமுக்கிக் காட்டினேன். விளக்கு எரிந்தது.

அவள் தன் விரலைப் பார்த்தாள்.

தினமும் செய்யவில்லை. தினமும் செய்தால் இயந்திரத்தில் பழுது என்று தெரிந்துவிடும். நல்ல பழுது வந்து வந்து போகிற பழுதுதான். தொழிலில் இருக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான், எப்போதும் இருக்கிற பழுதைக் கண்டுபிடிப்பது சுலபம். நான் பக்கத்தில் இல்லாதபோது அவள் ஓட்டினால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். நான் வந்து உட்கார்ந்தால் சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. அதற்கும் அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தனக்குக் கை தடுமாறுகிறது என்றாள். தேர்வில் பார்க்கத்தானே போகிறார்கள் என்று நான் சொன்னேன்.

ஒரு மாலை அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஏஞ்சல் இறக்கினாள். நடுவானில் ஆட்டோபைலட் விட்டது.

"நான் ஒண்ணும் தொடல" என்றாள்.

"அம்மா, நீயே சொல்லு. அவ கை அந்தப் பக்கம் போச்சா இல்லியா?"

"எனக்கு இன்னாடா தெரியும், எபி. இன்னாவோ அசஞ்ச மாதிரிதான் இருந்துச்சி."

அம்மா பொய் சொல்லவில்லை. கை அசையாமல் யாரும் விமானம் ஓட்ட முடியாது. ஏஞ்சல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, தொட்டிருப்பேன் போல" என்றாள்.

அதற்குப் பிறகு வேலை எளிதாகிவிட்டது. சில விஷயங்களை நான் சொன்னால் உங்களுக்குக் கொடூரமாகத் தெரியலாம். அவை சின்ன விஷயங்கள். அவள் பால் காய்ச்சிவிட்டு வந்த பிறகு கேஸ் குமிழைக் கொஞ்சம் திறந்துவிட்டு, நானே போய் மூடி, ஜன்னலைத் திறந்துவைத்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருமுறைதான். அவள் வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவள் பைக்குள்ளேயே போட்டேன், அது இரண்டு மூன்று முறை. அவளாகவே ஒவ்வொரு கதவையும் இரண்டு தடவை தள்ளிப் பார்க்கிற நிலைக்கு வந்தாள். இரவில் தூக்கமில்லை என்றாள். காலை நாஷ்டா அப்படியே தட்டில் இருக்கும். அம்மா சபைக்குக் கூட்டிப்போய்த் தலையில் கைவைத்து ஜெபம் பண்ண வைத்தாள். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"அண்ணா, எனக்கு மூளையில எதாவது பேஜாரா?" என்று ஒருநாள் கேட்டாள். வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் எல்லாம் வராது, பாப்பா. அதுல இன்னா கீது. பி.எட். படி. நல்ல வாத்தியாரா வருவ."

"ம்" என்றாள். ஈரத் துணியைப் பிழிந்ததையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சின்னப் பிள்ளையாக என் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து வந்த மாதிரி இருந்தாள்.

தேர்வுக்கு வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிவித்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவளும் சரி என்றாள். அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்கும், ஐயா. யாருக்கும் ஒரு சேதமும் இல்லாமல் முடிந்திருக்கும். இளமதி மட்டும் வராமல் இருந்திருந்தால்.

அவள் அடுத்த நாளே ரயிலேறித் திருவள்ளூர் வந்துவிட்டாள். சத்தமாகப் பேசுகிற பெண். "இன்னாடி வர மாட்டேன்னுட்டியாமே" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தாள். என்னைப் பார்த்து, "நான் ஒருவாட்டி ஓட்டிப் பாக்கட்டுமா அண்ணா?" என்றாள். ஓட்டு என்றேன். ரிமோட்டைத் தொடவே இல்லை. இளமதிக்கு விமானம் சமத்தாக இறங்கியது. பிறகு ஏஞ்சல் உட்கார்ந்தாள். அதே மூட்டம், அதே உயரம், அதே வேகம். அப்ரோச்சை அமுக்கினாள். விளக்கு எரியவில்லை. இன்னொரு முறை அமுக்கினாள். இன்னொரு முறை. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா" என்றாள் இளமதியிடம். அழவில்லை. "நீ ஓட்டுனா வருது. எனக்குத்தான் வர்ல."

இளமதி என்னிடம் திரும்பினாள். "அண்ணா, அவ சரியான பட்டனத்தான் அமுக்குனா. நான் விரலையே பாத்துக்கினு இருந்தேன். பட்டன் அமுங்குன சத்தம்கூடக் கேட்டுச்சி. லைட்டுதான் எரியல. இது கை தப்பு இல்ல, ஒயர் தப்பு. பின்னாடி தொறந்து பாக்கலாமா?"

"உள்ள இருநூத்தி முப்பது வோல்ட் ஓடுது. நான் இல்லாம யாரும் தொறக்கக் கூடாது" என்றேன். "லீவு அன்னிக்கு நானே பாக்கறேன்."

நான் சொன்னது உண்மை. உள்ளே கரண்ட் இருந்தது. அந்த மின்விசிறியின் ஒயர் இரும்புத் தகட்டில் உரசி, மேலுறை தேய்ந்திருந்தது. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். கரண்ட் கசிந்தால் தானே விழுந்துவிடுகிற சுவிட்ச் ஒன்று மெயினில் இருந்தது. அது மழை நாளில் அடிக்கடி விழுந்து வீடே இருட்டாகிறது என்று நான்தான் அதை விலக்கி நேராக இணைத்திருந்தேன். இதை அன்றைக்கு நீங்களே பார்த்துவிட்டு, எலக்ட்ரீஷியன் வீட்டிலேயே இப்படியா என்று கேட்டீர்கள். அவளுக்குக் கரண்ட் அடிக்க வேண்டும் என்று நான் எதையும் செய்யவில்லை. இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். சரிசெய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். தகட்டைத் திறந்தால் யாராவது பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்பதால் தள்ளிப்போட்டேன்.

அவள் லீவு நாள்வரை காத்திருக்கவில்லை. மறுநாள் நான் முதல் ஷிப்ட். அம்மாவும் வேலைக்குப் போய்விட்டாள். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்தபோது, சற்று முன்னால்தான் ஏஞ்சலிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. என் ரிலே. துணிநாடாவைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து எடுத்திருந்தாள். கீழே, "அண்ணா, இது இன்னா?" என்று இருந்தது.

அது நான் செய்ததுதான் என்று அவளுக்குப் புரிந்திருந்ததா, இல்லை உண்மையாகவே என்னிடம் கேட்டாளா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. வேறு யாருக்கும் அந்தப் படத்தை அனுப்பவில்லை. பிற்பாடு அவள் போனில் பார்த்தேன். இளமதிக்குக்கூட அனுப்பவில்லை. எது பழுதானாலும் அவள் முதலில் என்னைத்தான் கேட்பாள்.

வண்டியில் வீட்டுக்கு வந்தேன். என்ன சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். தேர்வில் கோளாறு வந்தால் சமாளிக்கப் பழக்கத்தான் வைத்தேன் என்று சொல்லலாம் என்று முடிவு செய்தேன். நம்பியிருப்பாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

தகட்டின் பின்மூடி கழன்று கிடந்தது. அவள் அதற்குள் கையை நீட்டினபடி சரிந்திருந்தாள். வெறுங்கால். நான் முதலில் மெயினை அணைத்தேன். அதுதான் முறை. பிறகு அவளை இழுத்துத் தரையில் படுக்க வைத்தேன். விரல் நுனிகள் கருகியிருந்தன. மூச்சு இருந்தது.

நீங்கள் அன்றைக்கு என்னிடம், வந்து பார்க்கும்போது எப்படி இருந்தாள் என்று கேட்டீர்கள். பேச்சுமூச்சு இல்லை என்று சொன்னேன். பேச்சு இல்லை என்பது உண்மை. மூச்சு இருந்தது, ஐயா. கண் பாதி திறந்திருந்தது. தலைக்கு அடியில் ஒரு தலையணையை எடுத்து வைத்தேன்.

108-ஐக் கூப்பிட்டால் ஆட்கள் வருவார்கள். பின்னாலேயே அக்கம்பக்கம் வரும், நீங்கள் வருவீர்கள். ரிலே அவள் கையருகே கிடந்தது. ஒயர்கள் வெட்டின மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. யார் பார்த்தாலும் கேட்பார்கள். முதலில் அதை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுத்தேன். அதை எடுத்துவிட்டால் அப்ரோச் பொத்தானின் இரண்டு ஒயரையும் பழையபடி சேர்க்க வேண்டும். சேர்த்தேன்.  அவள் போனிலிருந்தும் என் போனிலிருந்தும் படத்தை அழித்தேன். பின்மூடியை மட்டும் அப்படியே விட்டேன், அவள் திறந்தது தெரிய வேண்டும் என்பதற்காக.

அதோடு கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஒரு வேலையைச் செய்துவிட்டு ஓட்டிப் பார்க்காமல் விடுகிறவன் நான் இல்லை. நான் சேர்த்த இடம் சரியில்லை என்றால், பொத்தான் வேலை செய்யவில்லை என்றால், ஏன் என்று ஒருவன் தேட ஆரம்பிப்பான். அதனால் அந்த மின்விசிறியைக் கழற்றிவிட்டு, மெயினைப் போட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து, ஸீட்டில் உட்கார்ந்தேன்.

முழு இறக்கம், ஐயா. மூட்டத்தோடுதான் வைத்தேன். தெளிவான வானத்தில் சோதித்தால் அது சோதனை இல்லை. அடியிலிருந்து வந்தேன். அப்ரோச்சை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. இடம் வலம் பிடித்தது, பிறகு மூக்கு தாழ்ந்தது. இத்தனை மாதத்தில் அப்படி ஒரு இறக்கத்தை நான் செய்ததில்லை. ஊசி நடுவை விட்டு நகரவே இல்லை. ஐந்நூறு அடி என்று அந்த இயந்திரக் குரல் சொன்னபோது கீழே ஏஞ்சலிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையிலிருந்து. கை தரையில் ஏதோ தேடுகிற மாதிரி அசைந்தது.

"இரு பாப்பா. இதோ எறங்கிடும்" என்றேன்.

இறங்கியது. ஓடுபாதையின் நடுக்கோட்டிலேயே போய் நின்றது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மெயினையும் அணைத்துவிட்டு, 108-ஐக் கூப்பிட்டேன். அவர்கள் சீக்கிரமே வந்தார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. திருவள்ளூர் பெரியாஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி..." என்று ஆரம்பித்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இவ்வளவுதான் நடந்தது. இதையெல்லாம் இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அம்மா என் தோளில் சாய்ந்துதான் அடக்கத்துக்கு வந்தாள். அண்ணன் என்றால் இவனல்லவா என்று சபையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மனசாட்சி உறுத்துகிறது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் பொய் சொல்ல நான் வரவில்லை.

இளமதி அந்தத் தேர்வில் தேறிவிட்டாள். பயிற்சிக்குப் போவதற்கு முன்னால், எங்கள் போதகரைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். சபைக்கூடத்தில் ஒரு அறையை ஒழித்து, என் இயந்திரத்தை அங்கே கொண்டுபோய் வைத்து, படிக்கிற பிள்ளைகள் பழகுவதற்கு விடப்போகிறார்கள். அம்மா சம்மதித்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு திறப்பு. பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்று நேற்று என்னிடம் காட்டினார்கள். ஏஞ்சல் நினைவு விமானப் பயிற்சிக் கூடம். அவள் போட்டோ. அவள் பிறந்த தேதி, இறந்த தேதி. அவ்வளவுதான்.

கீழே சின்னதாக, இதை உருவாக்கியவர் எபினேசர் என்று ஒரு வரி போடலாமே என்று கேட்டேன். போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நினைவுக்கூடத்துல ஒரு பேரு போதும், தம்பி. நீங்க கட்டுனது ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் ஏஞ்சலின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு துளையும் நான் போட்டது, ஐயா. ஒவ்வொரு ஒயரும் நான் இழுத்தது. அதில் கடைசியாக, குறை சொல்ல முடியாதபடி விமானத்தை இறக்கியதும் நான்தான். அவளுக்கு அது வரவில்லை என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இளமதியைக் கேட்டால் அவளும் சொல்வாள். நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள். என்னை உள்ளே அனுப்புவதற்கு முன்னால் போதகருக்கு மட்டும் ஒரு போன் போட்டுவிடுங்கள். அந்தப் பலகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.